கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு சரிதம்

வானம் பொய்க்கும் நிலத்திற் கைத்தொழிலே மழையாகி நின்று மக்களைக் காத்தது என்பதை விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கங்களில் வாழும் நம்மனோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1922ஆம் ஆண்டளவிற் சிவகாசியினின்றும் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தா நகர் சென்று, தீப்பெட்டித் தொழிலை அருகிருந்து கற்று மீண்டதும், அதன் பின்னர் அவ்வூர் அடைந்த மாற்றமும் இவ்விதழ் நேயர்கள் பலகாற் கேட்டறிந்தனவே. அவ்விருவரும் பிறர் பட்டறையிற் போயிருந்து கற்றனர். பட்டறையும் இன்றி, கற்பிப்பாரும் இன்றி, தாம் விலைகொடுத்து வாங்கிய மோட்டார் வண்டி ஒன்றையே ஆசிரியனாகக் கொண்டு கற்ற ஒருவரது சரிதத்தை இத்திங்கள் எழுதப் புகுகின்றோம். அவர் கொங்கு நாட்டினர். நம் குலத்தில் தோன்றியவர் அல்லர். வித்தைக்கு வேலி இல்லையாதலின் அது பற்றி நேயர்கள் வேறாக நினையார் என்று துணிகின்றோம்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள், கோபாலசாமி நாயுடு என்னும் வேளாளரின் மகனாகத் துரைசாமி தோன்றினார். தாயை மிக இளமையிலேயே இழந்தார். திண்ணைப் பள்ளியில் வைத்தனர். கல்வி அங்கே நிலைக்கவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றி எழுதினோர் யாவரும் குறிப்பர். ஆசிரியத் தொழிலாலேயே உண்டு வாழும் யாம் இச்செய்தியை மகிழ்ச்சியோடு எழுதுகின்றோம் என்று சொல்ல இயலாது. எனினும், பள்ளியை வெறுத்த அப்பிள்ளை படிப்பை வெறுத்தவர் அல்லர். தோட்டத்திற் காவலும் வேலையுமாய் இருந்த நாட்களில் தமிழ் நூல்களைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்து வந்தார். பள்ளி வேறு, படிப்பு வேறு என்பது நம் தொழிலுக்கு இனிய செய்தியன்று, ஆயினும் உண்மை.

அக்காலத்தில் அவ்வழியாக ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிள் ஏறி வருவதுண்டு. இங்கிலாந்தில் ரட்ஜ் என்னும் கம்பெனியார் செய்த வண்டி அது. மாடும் குதிரையும் இன்றி, மிதிப்பதும் இன்றி, புகையும் ஓசையுமாய்த் தானே ஓடும் அப்பொருளைக் கண்ட ஊரார் வியந்து விலகி நின்றிருப்பர். துரைசாமிக்கோ அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்னும் கேள்வி உறக்கத்தைக் கெடுத்தது. அதனை விலைக்கு வாங்கியே தீர்வது என்று உறுதிகொண்டார். கையிற் பொருள் இல்லை. கோயம்புத்தூர் சென்று ஓர் உணவுச்சாலையிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். நிலபுலம் உடைய குடியிற் பிறந்த ஒருவர் எச்சில் இலைகளுக்கிடையே நின்று பரிமாறுதல் அந்நாளில் எளிய காரியமன்று. மூன்றாண்டுகள் வரை உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறத்தாழ 300 ரூபா கொடுத்து அவ்வண்டியைப் பெற்றார் என்பர்.

பெற்றவர் செய்தது யாது? ஏறி ஊர்வலம் வந்தாரில்லை. வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றிப் பரப்பினார். மூன்றாண்டு வியர்வையைத் தரையிற் கொட்டி வைத்தாற் போன்ற செயல் அது. மீண்டும் பூட்ட இயலாவிடில் 300 ரூபாவும் இரும்புக் குவியலாகப் போகும். கற்பித்துக் கொடுக்க அருகில் ஒருவர் இல்லை. இவ்விடத்திற் சிறிது நின்று, அவர் பிரித்துக் கண்டது எத்தன்மையது என்பதை நேயர்கள் விளங்கிக் கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் அச்செயலின் அருமை புலப்படாது.

அக்காலத்து ரட்ஜ் வண்டியின் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. நம் பிள்ளைகள் விளையாடும் பீச்சாங்குழலை நினைவிற் கொள்க. குழலே சிலிண்டர், அதனுள் முன்னும் பின்னும் போய்வரும் கட்டையே பிஸ்டன். பீச்சாங்குழலில் நாம் கட்டையைத் தள்ள நீர் வெளிப்படும். எஞ்சினிலோ, உள்ளே மூண்ட நெருப்பு கட்டையைத் தள்ளும். கட்டை தன்னோடு பிணைத்த தண்டைத் தள்ளும். அத்தண்டு கிராங்க் என்னும் வளைதண்டைச் சுழற்றும். அதனால் வண்டி உருளும். இத்தள்ளுதல் ஒருமுறை நிகழ, பிஸ்டன் நான்கு முறை நடத்தல் வேண்டும். முதல் நடையிற் பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உள்ளே இழுக்கும். இரண்டாம் நடையில் அதனை அழுத்தும். அழுந்திய கலவையில் மின்பொறி ஒன்று விழ, மூன்றாம் நடையில் நெருப்பு மூண்டு பிஸ்டனை உந்தும். நான்காம் நடையில் எரிந்த புகை வெளியேறும். நான்கு நடையில் ஒரு நடையே உழைப்பது. ஏனைய மூன்றும் அவ்வொன்றன் பொருட்டு நிகழும் ஏவல்கள். அம்மூன்று நடைக்கும் வேண்டிய வலியைக் கனத்த பிளைவீல் ஒன்று தன் சுழற்சியிற் சேமித்து வைத்துக் கொடுக்கும். வளைதண்டு ஒரு நிமிஷத்தில் 2000 சுற்றுச் சுற்றினால், அவ்வொரு நிமிஷத்தில் 1000 முறை உள்ளே நெருப்பு மூண்டு அவிகின்றது.

சிவகாசியார்க்கு இதனை வேறொரு வகையாலும் விளக்கலாம். வெடி மருந்து எரிதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்புத் தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது. ஆதலின் இறுகச் சுற்றிய காகிதத்தினுள்ளும் அது பற்றும். பெட்ரோலிடம் அவ்வாயு இல்லை. அது வெளிக்காற்றைக் கடன் கேட்டே எரிதல் வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று. அக்கடனை அளந்து கொடுப்பதே கார்புரேட்டரின் தொழில். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து அறிஞர் ஹைகன்ஸ் என்பார் வெடிமருந்தையே சிலிண்டரில் இட்டுப் பொறி ஒன்றை இயக்க முயன்றார். ஒவ்வொரு முறையும் மருந்தைப் புதிதாக இடவேண்டியிருந்தமையின் அது நடைமுறைக்கு வரவில்லை. 1876ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்து ஆட்டோ என்பவர் மேற்கூறிய நான்கு நடை எஞ்சினைச் செப்பமாகச் செய்து காட்டினார். கலங்கல் இளைஞர் தரையிற் பரப்பி வைத்தது அவ்வரிசையில் வந்த பொறியையே.

இத்தகைய பொறியைப் பிரித்தல் எளிது, பூட்டுதலே வித்தை. முதலிற் கழன்றது இறுதியிற் சேரும், இறுதியிற் கழன்றது முதலிற் சேரும். வால்வு திறக்கும் காலமும் மின்பொறி விழும் காலமும் பல்லொன்று பிறழினும் எஞ்சின் பேசாது, பேசினும் இருமும். பிஸ்டனைச் சுற்றிய வளையம் முறிந்தால் அழுத்தம் கசிந்து போகும். மரையாணியை மிகைபட முறுக்கினால் மரை தேயும். குறைபட முறுக்கினால் ஓட்டத்திற் கழலும். இவற்றை எந்நூலும் முழுதும் சொல்லாது. விரலுக்கு மட்டுமே விளங்கும் இலக்கணம் இது. துரைசாமி நாயுடு அவ்விலக்கணத்தைக் கற்று, வண்டியை மீண்டும் பூட்டினார். பின்னர் மோட்டார் பழுது பார்க்கும் தொழிலாளராயினார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுட் சிலர் இந்நாளில் மோட்டார் காரின் எஞ்சினைச் சிறிய அளவிற் செய்து ஓட்டிப் பார்க்கும் விளையாட்டில் ஈடுபட்டுள்ளனர். இதனைக் காசுக்குக் கேடு என்று கடியும் தந்தையர் உளர். அவர்கள் பொருட்டு ஒன்று சொல்லுவோம். நாலில் ஒரு பங்கு அளவில் எஞ்சின் ஒன்று செய்யப்புகுவானுக்கு, எல்லாவற்றையும் நாலால் வகுத்தாற் போதும் என்றே முதலில் தோன்றும். அங்ஙனம் அன்று. நீளம் நாலில் ஒன்றாகக் குறையும்பொழுது பரப்புப் பதினாறில் ஒன்றாகவும், கொள்ளளவு அறுபத்து நான்கில் ஒன்றாகவும் குறைகின்றன. எனவே உள்ளே பிறக்கும் சூடு சிறிது. அச்சூட்டைக் குடிக்கும் சுவரோ அந்த அளவிற்குச் சிறிதன்று. நெருப்பு பிறந்தவுடன் சுவர் அதனைத் தின்றுவிடும். பெட்ரோல் துளியும் நாம் கேட்டுக்கொண்டபடி நாலில் ஒன்றாகச் சிறுத்து வாராது. பெரிய எஞ்சினிற் பொறுக்கத்தக்க மயிரிழை இடைவெளி சிறியதிற் பெரும் பொத்தலாகும். ஆதலாற் சிறியதைச் செய்பவன் பெரியதைச் செய்பவனினும் நுட்பமாகக் கடைந்து, அரத்தாலும் தேய்ப்புப் பொடியாலும் பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்ட வைத்தல் வேண்டும். வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு லேத்தும், ஒரு பிடிகருவியும், சில அரங்களும், தமரூசியும் வைத்துக்கொண்டு, அத்தகைய எஞ்சினை ஒரு நாழிகை ஓட்டிக் காட்டிய பிள்ளை, கணக்கும் பௌதிகமும் கற்றுவிட்டான் என்றே கொள்ளலாம். பெட்ரோலையும் நெருப்பையும் கையாளுங்கால் மூத்தோர் அருகிருத்தல் இன்றியமையாதது என்பதைச் சிவகாசிப் பக்கத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுமோ!

சரிதத்திற்கு மீள்வோம். நாயுடு அவர்கள் பருத்தித் தொழிலிற் புகுந்து பொருள் ஈட்டியதும், பம்பாய் சென்று பருத்தி வாணிகத்தில் அதனை இழந்ததும் விரிக்க வேண்டா. இழந்தவர்க்கு எஞ்சியது கைத்திறன் ஒன்றே. கோயம்புத்தூரில் வாழ்ந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவரது திறம் அறிந்து உதவினார். அவ்வுதவியாற் பேருந்து ஒன்றைப் பெற்று, 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலாயினார். முதலாளியும் அவரே, சாரதியும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளிற் பலவாயிற்று. யூ. எம். எஸ். என்று கொங்கு நாட்டார் வழங்கிய அக்கம்பெனியின் வண்டிகள் குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்திற் சேர்வன என்னும் பெயர் பெற்றன. எஞ்சினின் உள்ளே வால்வு காலம் தவறலாகாது என்பதை விரலாற் கற்றவர், எஞ்சின் ஏற்றிச் செல்லும் வண்டியும் காலம் தவறலாகாது என்று கொண்டதில் வியப்பில்லை.

அதன் பின்னர் அவர் கருத்து, வாங்கிய பொறியைப் பேணுவதில் அமையாது, பொறியை இங்கேயே செய்வதிற் சென்றது. 1937ஆம் ஆண்டு, பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையில், பாலசுந்தரம் நாயுடு என்னும் நுட்பம் மிக்க வல்லுநரின் துணையோடு மின்சார மோட்டார் ஒன்று செய்யப்பெற்றது. இந்தியாவில் உள்நாட்டிலேயே உருவான முதல் மோட்டார் என்று அதனைச் சொல்லுவர். அப்பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் என்னும் தொழிற்சாலையைத் தோற்றுவித்தார். கிணற்று நீரை மாடு கட்டிக் கவலையால் இறைத்து வந்த கோயம்புத்தூர்ச் சீமை, இந்நாளில் இந்தியா எங்கும் பம்பும் மோட்டாரும் செய்து அனுப்பும் சீமையாக விளங்குவதற்கு இட்ட வித்துக்களுள் இதுவும் ஒன்று.

மேல்நாடுகளுக்குப் பன்முறை சென்றார். சென்றவிடமெல்லாம் படம் பிடிக்கும் கருவியும் கையுமாய்த் திரிந்தார். 1936ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். அவர் கண்ட கருவிகளுள் உலகறிந்தது, உலர்மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி. ரேசண்ட் என்னும் பெயரால் ஜெர்மனியில் அது செய்யப்பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் அதனுள் ஒரு சிறிய மோட்டார் சுழலும். சிறியதைச் செய்தல் பெரியதைச் செய்தலினும் அரிது என்று மேலே கூறியதை நேயர்கள் இங்கு நினைவு கூர்க. மிக மெல்லிய சவரத் தகடும், பழச்சாறு பிழியும் பொறியும், மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறியும், வாக்குகளைப் புரட்டுக்கு இடமின்றிப் பதியும் பொறியும் அவர் பெயரால் வழங்குவன. 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வு உடைய ரேடியோப் பெட்டியை 70 ரூபாவிற் செய்து தர இயலும் என்று அறிவித்தார். வயலையும் விட்டாரில்லை, ஆள் உயரத்திற்கு மேல் வளரும் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டு, அவரது பெருமுயற்சியாற் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விச் சாலையும் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அக்கல்லூரியே இந்நாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் பொறியியற் கல்லூரிக்குத் தலைவராக அமர்ந்ததை எண்ணும்பொழுது, மண் எறிபட்ட அத்திண்ணைப் பள்ளி ஆசிரியர் உயிரோடிருந்து கண்டாரோ என்று எம் மனம் வினவுகின்றது. நான்காண்டுக் கல்வி காலத்தை வீணாக்குவது, கையோடு கற்பித்தால் இரண்டாண்டே போதும் என்பது நாயுடு அவர்களின் கொள்கை. ஸர்க்கார் அதற்கு இசையாமையின் பதவியைத் துறந்தார். இக்கொள்கையை யாம் முழுதும் ஏற்கின்றிலேம். அவர்க்கு இரண்டாண்டு மிகையாகவே இருந்திருக்கும். அவர் போல்வார் ஊருக்கு ஒருவர் பிறப்பதில்லை. சூட்டின் கணக்கும் உலோகத்தின் இயல்பும் ஓதாது கைப்பழக்கம் ஒன்றையே கொண்டவன், பழுதைத் திருத்துவான். அப்பழுது ஏன் நேர்ந்தது என்று சொல்லான். எனினும், நான்காண்டு படித்தும் ஓர் எஞ்சினைத் தொட்டுப் பாராது வெளிவரும் மாணாக்கரைக் காணும்பொழுது, நாயுடு அவர்களின் சினம் காரணமற்றது என்று தள்ளவும் மனம் வரவில்லை.

எல்லாவற்றினும் துயர் தருவது 1952ஆம் ஆண்டுச் செய்தியே. இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் மோட்டார் கார் ஒன்றை அவர் செய்தார். விலை 2000 ரூபா என்று வகுத்தார். மோட்டார் என்றால் ஜமீன்தாரும் பெருவணிகரும் ஏறுவது என்று இருந்த காலத்தில், ஒரு நடுத்தரக் குடும்பத்தினர் கைக்கு எட்டக்கூடிய வண்டி அது. தொழிற்சாலையிற் செய்து விற்பதற்கு வேண்டிய உரிமத்தை அரசினர் வழங்கவில்லை. வண்டி அந்த அளவில் நின்றுவிட்டது. முறையாகச் சோதித்து அக்காரில் குறையுண்டு என்று கண்டு நிறுத்தியிருப்பின் நமக்கு வருத்தமில்லை. சந்தைக்கே வாராது நின்ற பொருளின் குணத்தையும் குற்றத்தையும் யார் அறிவர்? மிகுந்த வரி விதிப்பைக் கண்டித்து, தாம் செய்த கருவிகளைத் தாமே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டியதும் அவரது பிற்கால வாழ்வில் நிகழ்ந்தது. அச்செயலை யாம் போற்றுகின்றிலேம். பிரித்தவர் மீண்டும் பூட்டிய பெருமையே அவரது பெருமை. உடைத்ததைப் பூட்ட இயலாது. ஆயினும், எச்சில் இலைக்கிடையே மூன்றாண்டு நின்று ஒரு பொறியை வாங்கியவர், தம் கையாற் செய்த பொறிகளைத் தாமே நொறுக்கத் துணிந்தார் எனின், அந்நெஞ்சு எவ்வளவு வெந்திருத்தல் வேண்டும் என்பதைத் தொழில் நடத்துவோர் எம்மினும் நன்கு அறிவர்.

முதுமையிலும் கை ஓயவில்லை. காலையில் அடியிட்ட வீட்டை அன்று மாலைக்குள் முடித்துக் காட்டினார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் கண்டனவும் தொகுத்தனவுமாகிய கருவிகள் காட்சிச்சாலையாக வைக்கப்பெற்றுள்ளன. அவர் குடும்பத்தார் அமைத்த பழைய மோட்டார் கார்களின் காட்சிச்சாலையும் அதன் அருகே உள்ளது. கோடை விடுமுறையிற் குன்னூர், உதகை செல்லும் சங்கக் குடும்பத்தார் வழியில் ஒரு பகற்பொழுதை அங்கே கழிக்கலாம். பிள்ளைகளை விரைவுபடுத்தாது, அவர்கள் நின்ற இடத்தில் நிற்க விடுக.